காட்டில் போடாத குப்பை

இன்ஸ்பெக்டரம்மாவின் உதவியாளன் வவ்வால் ஆரஞ்சுத் தோலைப் புதருக்குள் வீசியதுதான் தாமதம், மூன்று பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். மூவருமே அதுவரை கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, புல்தரையில் நட்டுவைத்த கம்பு மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள். இன்ஸ்பெக்டரம்மா கேட்ட எந்தக் கேள்விக்கும் உதட்டைப் பிரிக்காதவர்கள். மௌன விரதம் என்று விரலை வாயில் வைத்துக் காட்டியவர்கள். தோல் மண்ணைத் தொட்டதும் விரதம் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியவில்லை.

“எடு அதை,” என்றார் அவர்களில் பருத்தவர். ஊரில் அவர் வங்கி மேலாளர். “இது காடு. உங்க வீட்டுத் தெரு இல்லை.”

வவ்வால் குனிந்து பொறுக்கினான். “சாரி சார். கூட நடந்து வந்த பொண்ணு காணாமப் போனதுக்கே வாயைத் திறக்காதவங்க, ஒரு தோலுக்குத் திறப்பீங்கன்னு எனக்குத் தோணலை.”

மேலாளர் அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அமைதி கிடைத்ததா என்பது அவருடைய தாடை ஆடியதில் தெரிந்தது.

இயற்கையோடு ஒன்றாவதற்கு வந்த கூட்டம் அது. நகரத்து ஆட்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, ஒரு தார்ப்பாய், ஒரு தண்ணீர் பாட்டில். செல்போன் கிடையாது, பேச்சு கிடையாது. மலைமேல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஆளுக்கொரு மரத்தடியில் தனியாக ஓர் இரவு உட்கார வேண்டும். காடு அவர்களிடம் பேசும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் அண்ணா என்பார்கள். சமையலும் சாமான் பொறுப்பும் அவர் மனைவிக்கு. அவளை அண்ணி என்பார்கள். குடும்பம் மாதிரி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒருத்தி முந்தாநாள் காலையிலிருந்து இல்லை. பள்ளத்தாக்கின் விளிம்புப் பாறைமேல் அவளுடைய முதுகுப்பையும், பக்கத்தில் ஜோடியாக அவள் ஷூக்களும் இருந்தன. கீழே நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு. வனத்துறை ரேஞ்சர் ஆட்களைக் கயிறு கட்டி இறக்கித் தேடிவிட்டார். இன்று பொழுது சாய்ந்ததும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன், தவறி விழுந்ததாக எழுதிவிடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

காணாமல் போனவளின் அக்கா சலவைக் கடை நடத்துகிறவள். இஸ்திரிச் சூட்டில் காய்ந்த கை, அதைவிடக் காய்ந்த வாய். இன்ஸ்பெக்டரம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தவள் அவள்தான். வரும் வழியெல்லாம் அவர்கள் நடை மெதுவாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்தாள். தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. எங்காவது வழி தவறிக் கிடந்தால்கூட, தேடலை நிறுத்தினால் அவள் கதை முடிந்தது.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். மேலதிகாரியை ஓர் அறை விட்டதில் வேலை போனது என்று வெளியே பேச்சு. ஓர் அறை இல்லை, இரண்டு என்று வவ்வால் பார்க்கிறவர்களிடமெல்லாம் திருத்திச் சொல்வான். அவன் கதையில் அவ்வளவு வீரம் இல்லை. ராத்திரி வேலை பார்த்ததால் வந்த பட்டப்பெயர் அது; அந்த வேலையில் மேஜைமேல் தூங்கி, வெளியே அனுப்பப்பட்டவன். இப்போது பகலில்தான் வேலை, ஆனாலும் வவ்வால் வவ்வால்தான்.

“வாயை மூடிக்கிட்டு இங்க வா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா சாமான் கூடாரத்திலிருந்து.

“அதுக்குத்தான் மேடம் இங்க ஆளுங்க காசு குடுத்து வர்றாங்க,” என்று சொல்லிக்கொண்டே போனான்.

கூடாரத்துக்குள் எல்லாமே அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று. கேஸ் அடுப்பு துடைத்துப் பளபளவென்று. நடுவே தங்கச்சியின் முதுகுப்பையை அக்கா தலைகீழாகக் கொட்டியிருந்தாள். உடைகள், போர்வை, டார்ச், தொடாத பருப்புப் பொட்டலங்கள். பையின் வெளிப்புறக் கொக்கியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

அது குப்பைப் பை. எல்லோருடைய முதுகுப்பையிலும் ஒன்று உண்டு. காட்டில் எதையும் போடக்கூடாது. எரித்த தீக்குச்சி, டீத்தூள் பொட்டலம், மூக்கைத் துடைத்த காகிதம், எதுவானாலும் அதற்குள் போட்டுச் சுமந்துகொண்டே இறங்க வேண்டும். இந்தக் கூட்டத்தின் விதிகளில் மிகப் பெரியது அதுதான். மௌனத்தை மீறினால்கூட மன்னிப்பு உண்டாம், குப்பைக்குக் கிடையாது.

இன்ஸ்பெக்டரம்மா அதைத் தரையில் கவிழ்த்தார். தீக்குச்சிகள், கடலை உறைகள், கசங்கிய காகிதம், அறுந்த ஷூ லேஸ் ஒன்று.

“தங்கச்சி ஊசி எப்படிப் போட்டுக்குவா?”

பேனா மாதிரி ஒன்று இருக்கும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் போட்டுக்கொள்வாள், ஊசிமுனையை ஒவ்வொரு முறையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுவாள் என்றாள் அக்கா. மலைக்குக் கிளம்பும்போது பேனாவும் ஒரு டப்பா ஊசிமுனையும் அக்காவே தன் கையால் எடுத்து வைத்தாளாம்.

“கழட்டிப்போட்ட முனை எங்க?”

அக்கா குனிந்து குப்பையைக் கையால் கிளறினாள். இன்னொரு முறை கிளறினாள். ஒன்றுகூட இல்லை. அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

“மலை ஏறினதுலேருந்து ஒரு ஊசிகூடப் போடலை,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “பேனாவும் இல்லை, டப்பாவும் இல்லை. முதல் நாளே யாரோ வாங்கிட்டாங்க.”

கூடார வாசலில் நிழல் விழுந்தது. வழிகாட்டி நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்த தாடி, வெறுங்கால். குரல் தேன் மாதிரி இருந்தது. ஆனால் வார்த்தைகளில் இனிப்பு இல்லை. துக்கத்தில் இருக்கிற இடத்தில் வந்து சாமான்களைக் கலைக்கிற உரிமையை யார் கொடுத்தது என்று கேட்டார். தான் யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை என்றார். முதல் நாள் ‘ஒப்படைப்பு’ என்று ஒன்று நடக்கும். எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோமோ அதை அவரவரே கொண்டுவந்து வைக்க வேண்டும். மருந்தை யாரும் வைக்கவில்லை. சந்தேகமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மூலையிலிருந்த சாக்குப்பையை அவரே காலால் தள்ளினார். வவ்வால் கவிழ்த்தான். செல்போன்கள், ஒரு சிகரெட் பெட்டி, தூக்க மாத்திரை அட்டை, உதட்டுச் சாயம், ஒரு கல்யாண மோதிரம்.

“மோதிரத்தை யாரு சார் ஒப்படைச்சது? அவங்க வீட்டுக்காரரு பாவம்.”

வழிகாட்டி அவன் பக்கம் திரும்பவே இல்லை. “அந்தப் பொண்ணு மருந்தை இடுப்புப் பையில வச்சிருந்தா. அவகூடவே போயிருக்கும்,” என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் மட்டும் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்தார். “உங்க தங்கச்சி இங்க வந்ததே உங்ககிட்டேருந்து மூச்சு விடத்தான். அதை அவளே என்கிட்ட சொன்னா.”

அக்கா எழுந்த வேகத்தில் கூடாரக் கம்பு ஆடியது. இன்ஸ்பெக்டரம்மா குறுக்கே கையை நீட்டினார். வழிகாட்டி ஒரு புன்னகையைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். குப்பைப் பையில் போடவில்லை என்பதை வவ்வால் கவனித்துக்கொண்டான்.

அடுத்து மேலாளர். அவரை இன்ஸ்பெக்டரம்மா மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், பேசாமல் இருந்தால் அவருடைய வங்கித் தலைமையிடமே நேராகப் பேசுவேன் என்று மட்டும் சொன்னார். காடு இத்தனை நாளாகச் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. மேலாளர் பேசினார். வேண்டா வெறுப்பாக, ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டி போட்டுக் கொடுக்கிற மாதிரி பேசினார். அந்தப் பெண் நடக்கும்போது தள்ளாடினாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள். வாந்தி எடுத்தாள். மரத்தடித் தனியிருப்புக்குப் போவதற்கு முன்னால், காலிப் பாட்டிலைத் தூக்கவே அவளுக்குக் கை நடுங்கியது. எல்லோரும்தான் பார்த்தார்கள்.

“பார்த்துட்டு?”

“மௌனத்துல இருந்தோம்,” என்றார் மேலாளர். “அவளோட அனுபவத்துல குறுக்கிடக் கூடாது. அது அவ பயணம்.”

“ஆரஞ்சுத் தோலோட பயணத்துல மட்டும் நல்லாக் குறுக்கிட்டீங்க,” என்றான் வவ்வால்.

இன்ஸ்பெக்டரம்மா அதற்குள் விளிம்புப் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். செங்குத்தான ஏற்றம். கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். காலிப் பாட்டிலைத் தூக்க முடியாதவள் முழு முதுகுப்பையைச் சுமந்து அங்கே ஏறினாள் என்றால் அவள் ஏறவில்லை என்று அர்த்தம். பை மட்டும் ஏறியிருக்கிறது.

“அப்ப பேனா எங்க மேடம்?” என்று கேட்டான் வவ்வால். “கையில கிடைச்சவன் பள்ளத்துல வீசியிருப்பான். நானா இருந்தா அதைத்தான் செய்வேன்.”

“நீ செய்வே. நீ தோலை வீசற ஆளு.” இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். எதையோ கண்டுபிடித்துவிட்டால் அவர் முகத்தில் கோபம்தான் வரும். இப்போது வந்தது. “ரேஞ்சர் எங்க? கூப்பிடு. சத்தமா நான் சண்டை போடப் போறேன். நீ நடுவுல புகுந்து கெடுக்காதே.”

ரேஞ்சர் ஆட்களோடு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். இந்தப் பிரைவேட் துப்பறிகிறவர்களால் தன் நேரம் வீணாகிறது என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா அவரை விட்டுவிட்டு, புல்தரை நடுவே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி வனத்துறையைத் திட்டத் தொடங்கினார். மலை முழுக்கக் குப்பையாம். வரும் வழியில் பிளாஸ்டிக் கண்டாராம். காட்டை வணங்குகிறோம் என்று ஊரை ஏமாற்றும் கூட்டத்துக்கு எவன் அனுமதி கொடுத்தான் என்று கேட்டார். வரும் வழியில் அவர் கண்டது ஓர் ஓணானை மட்டும்தான் என்பது வவ்வாலுக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வழிகாட்டியின் காது சிவந்தது. கொலைகாரன் என்றால்கூட அந்த மனிதர் புன்னகைத்திருப்பார். குப்பை போடுகிறவன் என்றதும் தேன் வற்றிவிட்டது.

“என் முகாம்ல ஒரு தீக்குச்சியைக் காட்டுங்க பார்ப்போம்,” என்றார். தன் முதுகுப்பையிலிருந்து ஆரஞ்சுப் பையைப் பிடுங்கி, ரேஞ்சரின் காலடியில் கொட்டினார். டீப் பொட்டலங்கள், பல் குத்தின குச்சி, பாதத்தில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரி. மற்றவர்களையும் அதட்டினார். ஒவ்வொருவராக வந்து கொட்டினார்கள். மேலாளரின் பையில் மறைத்துத் தின்ற சாக்லேட் உறைகள் மட்டும் ஒரு குவியல் இருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார்.

“அண்ணியோட பையையும் பாருங்க,” என்றார் வழிகாட்டி. “இத்தனை வருஷத்துல இந்தக் காட்டுல அவ ஒரு முடியைக்கூட விட்டதில்லை. கொண்டா.”

அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நல்ல உடற்கட்டு. கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறவள். அவள் அசையவில்லை.

“கொண்டான்னு சொன்னேன்.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வழிகாட்டி பொறுமையிழந்து தானே போய், அவள் இடுப்பிலிருந்த ஆரஞ்சுப் பையை உருவிக்கொண்டு வந்து கவிழ்த்தார்.

சத்துப்பொடி உறைகள். ஜூஸ் டப்பாக்கள். அடியிலிருந்து, சின்ன மூடி போட்ட ஊசிமுனைகள், மணி கோத்தது அறுந்த மாதிரி புல்லில் சிதறின. கடைசியாக, தீர்ந்துபோன இன்சுலின் பேனா ஒன்று.

அக்கா மண்டியிட்டு ஊசிமுனை ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினாள். அதன் நுனியில் ஈரம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

“அதை ஏன் பள்ளத்துல வீசலை?” என்று இன்ஸ்பெக்டரம்மா அண்ணியைக் கேட்டார். ஏதோ கறிகாய் விலை கேட்கிற குரல்.

“காட்டுல எப்படிங்க போடறது,” என்றாள் அண்ணி.

வவ்வால் முனைகளைப் பார்த்தான். ஒன்றா இரண்டா, ஒரு கைப்பிடி இருந்தது. கொல்கிறவளுக்கு இத்தனை எதற்கு? செத்தவளுக்கு யார் வேளாவேளைக்கு ஊசி போடுவார்கள்? அவனுக்குப் புரிந்த அதே நொடியில் வழிகாட்டிக்கும் புரிந்தது. அந்த மனிதரின் வாயிலிருந்து தேனும் இல்லாமல் மௌனமும் இல்லாமல் ஒரு குரல் வந்தது.

“அப்ப நீ அவளைத் தள்ளலையா?”

ரேஞ்சர் கையிலிருந்த கயிற்றுச் சுருள் நழுவி விழுந்தது.

அண்ணி அவரைப் பார்க்காமலேயே சொன்னாள். அன்று விடியும்போது அவர் வந்து அந்தப் பெண்ணுக்கு மூச்சில்லை என்றார். முகாமில் செத்தாள் என்றால் அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள், மருந்தை வாங்கி வைத்தது தெரிந்தால் ஜெயில் என்றார். ஆளையும் மருந்தையும் பள்ளத்தில் தள்ளிவிட்டு, பையைப் பாறைமேல் வைத்துவிட்டு வா, அதுவரை மற்றவர்களைக் கண் திறக்காமல் உட்கார வைக்கிறேன் என்றார். இவள் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் கழுத்துப் பின்னால் சூடாக மூச்சுக் காற்று பட்டது. பையைச் சொன்ன இடத்தில் வைத்தாள். ஆளைச் சொன்ன இடத்தில் போடவில்லை.

“எங்க?” என்று அக்கா கத்தினாள்.

மேட்டுக்கு மேலே, காட்டுத்தீயைப் பார்ப்பதற்காகக் கட்டிக் கைவிட்ட கல் அறையில். எல்லோரும் கீழே பள்ளத்தையே தேடிக்கொண்டிருந்ததால் மேலே ஒருவரும் ஏறவில்லை. ஆட்கள் இறங்கிப் போனதும் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவதாக இருந்தாளாம்.

“இந்த ஆளுங்க அத்தனை பேரும் கயித்துல தொங்கிக்கிட்டு இருந்தாங்க. ஒரு குரல் குடுத்திருந்தா ஆஸ்பத்திரியில இருந்திருப்பா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “தீர்ந்துபோன பேனாவை வச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் வைத்தியம் பார்க்கறதா உத்தேசம்?”

அண்ணி புருஷனை ஒரு முறை பார்த்தாள். அவருக்குப் பயந்துதான் என்ற பதில் அதில் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அது போதவில்லை.

அக்கா ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தாள். ரேஞ்சர் வாக்கி-டாக்கியில் ஸ்ட்ரெச்சருக்கும் டாக்டருக்கும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். வழிகாட்டியை இரண்டு வனக்காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். கண்ணை விட்டு நகர விடக்கூடாது என்று உத்தரவு. வவ்வால் கடைசியாக மூச்சிரைக்க ஏறினான். இயற்கை அவனோடு எதுவும் பேசவில்லை. முட்செடி மட்டும் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது.

கல் அறைக்குள் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் தங்கச்சி. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆள் பாதியாகியிருந்தாள். அறையில் ஒரு துளி அழுக்கு இல்லை. மூலையில் துடைப்பமாகக் கட்டிய இலைக்கொத்து சாய்த்து வைத்திருந்தது. அக்கா அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அறிவு இருக்கிறதா, எவனாவது சொன்னால் மருந்தைக் கழற்றிக் கொடுப்பாயா என்று அடுக்கடுக்காகத் திட்டினாள். திட்டும்போதே விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அவள் உதட்டில் தடவினாள்.

தங்கச்சியின் கண் இமை அசைந்தது.

வாசலிலிருந்து வழிகாட்டி பேசினார். குரலில் தேன் திரும்பியிருந்தது. “அவகிட்டயே கேளுங்க. நான் பிடுங்கினேனா? ஒப்படைப்புல எல்லாரும் பார்க்க அவளாத்தான் கொண்டுவந்து வச்சா. விவரம் தெரிஞ்ச பொண்ணு. கேளுங்க.”

ரேஞ்சர் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார். கேட்காமல் முடியாது என்று இருவருக்குமே தெரிந்தது. இன்ஸ்பெக்டரம்மா குனிந்தார்.

“மருந்தை அவரு வாங்கினாரா, நீயா குடுத்தியா?”

டாக்டர் வரும்வரை விடலாம் என்று வவ்வால் சொல்ல வாயெடுத்தபோது, காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“நானாத்தான் குடுத்தேன்.”

அக்காவின் ஈர விரல் பாதியில் நின்றது. வழிகாட்டி நீளமாக மூச்சை விட்டார். தோள் இறங்கியது. முகம் மலர்ந்தது.

“வாந்தி வந்தப்ப திருப்பிக் கேட்டேன்,” என்றாள் தங்கச்சி. “வாயைத் திறந்து கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“மௌனத்தை உடைச்சுட்டேன்னு சொன்னாரு. தண்டனையா, மத்தவங்க முறை வர்றதுக்கு முன்னாடியே என்னை மட்டும் மரத்தடியில தனியா கொண்டுபோய் உட்கார வச்சாரு. கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசிவரைக்கும் தரலை.”

இன்ஸ்பெக்டரம்மா மெல்ல வாசல் பக்கம் திரும்பினார். அந்த நிம்மதி இன்னும் வழிகாட்டியின் முகத்தை விட்டு இறங்கியிருக்கவில்லை.